400 டாலரில் ஒரு மெல்பர்ன் குளிர்காலம்: பழைய டெரஸ் வீட்டுக்கு எது சரி?

அக்கா மகன் இந்த ஏப்ரலில் மனைவியோடு மெல்பர்ன் உள்நகரப் பகுதியான பிரன்சுவிக்கில் குடியேறினான். சிட்னி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, 1880களின் டெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான் இவர்களுக்கும் சுவர். வாசல் பக்கம் ஒரு ஜன்னல், கொல்லைப் பக்கம் இரண்டு. மே மாதக் கடைசியில் போன் செய்தான். "சித்தி, கையில 400 டாலர் இருக்கு. எந்த ஹீட்டர் வாங்கலாம்? நல்ல பிராண்டா ஒண்ணு சொல்லுங்க."

பிராண்ட் சொல்லவில்லை. சனிக்கிழமை வருகிறேன், ஊதுவத்தி ஒரு கட்டு எடுத்து வை என்றேன்.

மெல்பர்ன் உள்நகரத்தில் பதினோரு குளிர்காலம் கழித்துவிட்டேன். முதல் மூன்றில் பணமும் போனது, குளிரும் போகவில்லை. அப்போது யாராவது உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு வாடகைக்கு வரும் நம் பிள்ளைகள் எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் இந்த ஊர்க் குளிரைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே நகருக்குள் பனி கொட்டுவதில்லை. ஜூலையில்கூடப் பகலில் சுமார் 14 டிகிரி, விடியற்காலையில் ஆறு ஏழு டிகிரி. கேட்டால் ஊட்டி மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் டொரன்டோவில் இருந்து வந்த தோழி ஒருத்தி, அங்கே ஒருநாளும் இப்படி நடுங்கியதில்லை என்றாள். அவள் சொன்னது உண்மை. அங்கே குளிர் வெளியே நிற்கும், வீடு வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே குளிர் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. போன வருஷம் ஊரிலிருந்து வந்த அம்மா, நடுப்பகலில் கொல்லையில் துணி எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டார்: "ஏண்டி, வெளியிலதான் கதகதன்னு இருக்கே, உள்ளே எதுக்கு இப்படிப் போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கே?"

காரணம் வீட்டின் வயதில் இருக்கிறது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் புது வீடுகளுக்கு, சூடு வெளியேறாமல் காக்கும் இன்சுலேஷன் கட்டாயமானதே 1991இல்தான். அதற்கு நூறு வருஷம் முன்னால் கட்டியவை இந்த டெரஸ் வீடுகள். கூரை பத்துப் பதினோரு அடி உயரத்தில். ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. அறைக்கு ஒரு கணப்பு, அதற்கு ஒரு புகைபோக்கி. கணப்பில் நெருப்பு எரிய வேண்டுமானால் காற்று வேண்டும், அதனால் சுவரின் மேல்பக்கம் சல்லடை போல் துளைகள். தரைப்பலகைகளுக்குக் கீழே வெற்றிடம், பலகைகளுக்கு நடுவே விரிசல். நெருப்பு அணைந்து பல தலைமுறை ஆகிவிட்டது, துளைகள் மட்டும் அப்படியே திறந்திருக்கின்றன. இந்த நிலையில் எந்த ஹீட்டர் வாங்கினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதுதான்.

ஊதுவத்திச் சோதனை

காற்றடிக்கும் நாளாகப் பார்த்துப் போனேன். வத்தியைக் கொளுத்தி, கதவோரம், ஜன்னலோரம், தரையும் சுவரும் சேரும் இடம் என்று மெதுவாக நகர்த்திக்கொண்டே போனோம். புகை நேராக எழுந்தால் கவலையில்லை. சாய்ந்தால் அங்கே காற்று வருகிறது, இழுத்துக்கொண்டு போனால் அந்த வழியாக வெப்பம் போகிறது. வாசல் கதவுக்கு அடியில் கட்டைவிரல் நுழையும் சந்து. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னலின் இரண்டு சட்டமும் சேரும் இடத்தில் ஓர் இடைவெளி. படுக்கையறைக் கணப்புக்கு முன்னால் வத்தியைக் காட்டியதும், புகை மொத்தமும் சரேலென்று புகைபோக்கிக்குள் போனதைப் பார்த்து அவன் மனைவி வாயடைத்து நின்றாள். அந்த அறையில்தான் பத்து நாளாக இருமிக்கொண்டே வேலை செய்திருக்கிறாள்.

இதை அடைக்க ஆன செலவு: ஒட்டும் நுரை டேப் மூன்று சுருள் 24 டாலர். கதவடியில் கிடத்தும், மணல் நிரப்பிய துணிப் பாம்பு இரண்டு 25. ஜன்னல் கண்ணாடிக்கு மேல் ஒட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் விறைத்துக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் 30. புகைபோக்கியை அடைக்கும் கம்பளி உருண்டை 45. ஆக மொத்தம் 124. நாலு மணி நேர வேலை. உருண்டையைச் செருகிய பிறகு, 'உள்ளே அடைப்பு இருக்கிறது' என்று எழுதிய அட்டை ஒன்றைக் கணப்புக்கு முன்னால் தொங்கவிடச் சொன்னேன். அடுத்து குடிவருகிறவர்கள் தெரியாமல் நெருப்பு மூட்டிவிடக் கூடாது.

வாடகைக்காரர்கள் இதற்கெல்லாம் அனுமதி கேட்க வேண்டுமா? எடுத்துவிடக்கூடிய ஜன்னல் தாளை ஒட்ட இந்த மாநிலச் சட்டத்தில் உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. விரிசல் அடைப்பது, சீல் ஒட்டுவது போன்றவற்றுக்குச் சம்மதம் கேட்க வேண்டும், ஆனால் தக்க காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது. ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் இருப்பது நல்லது.

இதில் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. அறைக் காற்றையே இழுத்து எரிந்து, குழாய் வழியாகப் புகையை வெளியேற்றும் பழைய கேஸ் ஹீட்டர் இருக்கும் வீட்டில் விரிசலை அடைக்கக் கூடாது. சட்டமும் அதைத் தனியாகப் பிரித்தே சொல்கிறது. நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் அப்படி ஒரு ஹீட்டர். விவரம் தெரியாமல் எல்லாச் சந்தையும் டேப் ஒட்டி அடைத்தேன். சமையலறைப் புகை இழுக்கும் விசிறியைப் போட்டுக்கொண்டு தோசை வார்த்த மாலைகளில் எல்லாம் தலைவலி. காற்று வர வேறு வழி இல்லாததால் விசிறி ஹீட்டரின் குழாய் வழியாகவே காற்றை இழுத்திருக்கிறது. வெளியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு திரும்பி அறைக்குள் வந்திருக்கிறது. சோதிக்க வந்த பிளம்பர் பார்த்துவிட்டு, ஹீட்டரை அந்த நிமிஷமே அணைத்தார். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். இங்கே வாடகை வீடுகளில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்வது உரிமையாளரின் கடமை. கடைசிச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஏற்கெனவே சுவரில் இருந்த விடை

கூடத்தில் நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஸ்பிளிட் ஏசி. "இது இருக்கிறப்ப எதுக்குப்பா ஹீட்டர்?" என்றேன். "அது வெயில் காலத்துக்குத்தானே சித்தி?" என்றான்.

சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு ஏசி என்றால் குளிர்தான். இங்கே விற்பவை பெரும்பாலும் ரிவர்ஸ் சைக்கிள். கோடையில் அறையின் சூட்டை வெளியே தள்ளும் அதே இயந்திரம், குளிர்காலத்தில் வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு வரும். வெளியே ஆறு டிகிரியாக இருந்தாலும் அந்தக் காற்றில் எடுக்கக்கூடிய வெப்பம் இருக்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் விடுகிறதே, அதே வேலை. மின்சாரத்தைக் கொண்டு சூட்டை உண்டாக்காமல், இருக்கும் சூட்டை இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கிறது. ஆயில் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், பேனல் ஹீட்டர் எதுவாக இருந்தாலும், என்ன விலை கொடுத்து வாங்கினாலும், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான். கடைக்காரர் எவ்வளவு சிக்கனம் என்று சொன்னாலும் இதில் மாற்றம் இல்லை.

யூனிட் 30 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 2400 வாட் ஆயில் ஹீட்டர் முழு வேகத்தில் மாலை ஐந்து மணி நேரம் ஓடினால் 12 யூனிட், 3 டாலர் 60 சென்ட். மாதத்துக்கு 108 டாலர். அதே அளவு வெப்பத்தை ஸ்பிளிட் கொடுக்க ஏறத்தாழ மூன்றரை யூனிட், ஒரு டாலரைச் சற்றே தாண்டும். மாதத்துக்கு 31. கடையில் 100 டாலருக்குக் கிடைக்கிறதே என்று ஆயில் ஹீட்டரை வாங்கினால், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாத பில்லில் அதைப்போல இரண்டு மடங்கு கூடுதலாகக் கட்டுவோம்.

ஓட்டும் விதமும் முக்கியம். ரிமோட்டில் ஆட்டோ வேண்டாம், சூரியப் படம் இருக்கும் மோட். 20 டிகிரி போதும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் செலவு 5 முதல் 10 விழுக்காடு ஏறும். உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது, அதற்குக் கீழே விட்டுவிடவும் கூடாது. சூடான காற்று மேலே போய் உயரமான கூரையில் தங்கிவிடும் என்பதால் காற்று வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிட வேண்டும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். பனி இறங்கும் விடியற்காலையில் இடையிடையே சில நிமிஷம் நின்றுபோகும். வெளியே இருக்கும் பெட்டியில் படிந்த உறைபனியை உருக்கிக்கொள்ளும் நேரம் அது, பழுதில்லை. இன்னொன்று, இவன் வீட்டில் கூடத்துக்கும் நடைக்கும் நடுவே கதவே இல்லை. சிட்னி ரோட்டில் இருக்கும் சேவர்ஸ் பழைய பொருள் கடையில் கனமான திரைச்சீலை ஒன்று 12 டாலருக்குக் கிடைத்தது. அதைக் குறுக்கே தொங்கவிட்டோம். அரை மணியில் அறையின் குணமே மாறிவிட்டது.

ஏசி இல்லாத வீடாக இருந்தால்? 2021 மார்ச் 29க்குப் பிறகு போட்ட வாடகை ஒப்பந்தமாக இருந்தால், முக்கியக் கூடத்தில் நிலையான ஹீட்டர் ஒன்று வேலை செய்யும் நிலையில் இருந்தே ஆக வேண்டும். 2023 மார்ச் 29 முதல் அது எரிசக்திச் சிக்கனம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதற்கு முன்னால் சொந்தப் பணத்தில் ஹீட்டர் வாங்காதீர்கள். சொந்த வீட்டுக்காரர்கள் கூரை இன்சுலேஷனுக்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு பெரிய செலவுதான் செய்ய முடியும் என்றால், அது ஸ்பிளிட்தான். பொருத்துக் கூலியோடு 2000 டாலரை ஒட்டி ஆகலாம். பழைய ஹீட்டரை மாற்றினால் விக்டோரிய அரசின் திட்டத்தில் தள்ளுபடியும் உண்டு, அதை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேஸ் ஹீட்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மணிக்கு 25 மெகாஜூல் எரிக்கும் சுவர் ஹீட்டர், மெகாஜூல் 4 சென்ட் என்றால், மணிக்கு ஒரு டாலர். அதற்கு மேல் பற்றவைத்தாலும் இல்லாவிட்டாலும் தினக் கட்டணம். வீடு முழுக்கக் குழாய் ஓடும் கேஸ் வெப்பம் சுகமானதுதான், ஆனால் ஆள் இல்லாத மூன்று அறையையும் சேர்த்துச் சூடாக்குகிறது. கணப்பில் விறகு எரிப்பது கண்ணுக்கு அழகு. திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும், புகை நெருக்கமான தெருவில் அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் போகும். இவ்வளவு ஒட்டி ஒட்டி வாழும் இடத்தில் அது வேண்டாம் என்பது என் முடிவு.

படுக்கையறை: அறையையா, ஆளையா?

கூடம் தீர்ந்தது. முன்பக்கப் படுக்கையறை தெற்குப் பார்த்தது. இந்த ஊரில் தெற்கு என்றால் வெயிலே எட்டாத பக்கம். அங்கே ஏசி இல்லை. அவன் மனைவி மாலையில் நாலு மணி நேரம் அங்கிருந்துதான் வேலை பார்க்கிறாள், வெளிநாட்டு அலுவலகம். இருவரும் தூங்குவதும் அங்கேதான். ஹீட்டர் வாங்கியே தீர வேண்டும் என்று அவன் நின்றது இந்த அறைக்காகத்தான், அதில் நியாயமும் இருந்தது.

அறையைச் சூடாக்கினால் ஃபேன் ஹீட்டர் உடனே வெப்பம் தரும், 2 கிலோவாட், நாலு மணி நேரத்துக்கு 2 டாலர் 40 சென்ட். சத்தம் போடும், மீட்டிங்கில் பேச முடியாது. அணைத்த பத்தாவது நிமிஷம் அறை பழைய குளிருக்குப் போய்விடும். ஆயில் ஹீட்டர் சத்தமில்லாதது, சூடாக முக்கால் மணி நேரம் எடுக்கும். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு ஓடினாலும் இரவு முழுக்க எட்டு யூனிட்வரை போகலாம், அதுவும் 2 டாலர் 40. இரண்டும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஐந்து டாலரை நெருங்கும்.

ஆளைச் சூடாக்கினால் கணக்கு வேறு. மேலே போர்த்திக்கொள்ளும் மின்போர்வை 120 வாட். நாலு மணி நேரத்துக்கு 14 சென்ட். மெத்தைக்கு மேல் விரிக்கும் எலக்ட்ரிக் பிளாங்கெட்டைப் படுப்பதற்கு அரை மணி முன்னால் முழு அளவில் போட்டு, படுத்ததும் குறைத்துவிட்டால் இரவுக்கு 15 சென்டைத் தாண்டாது. ஐந்து டாலர் எங்கே, 30 சென்ட் எங்கே! முதல் மூன்று வருஷம் நான் இதை வாங்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், மின்சாரம் ஓடும் விரிப்பில் படுப்பதா என்ற பயம். இப்போதைய விரிப்புகளில் தானே அணையும் டைமர் இருக்கிறது. சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும், கோடையில் மடித்து அமுக்கி வைக்காமல் சுருட்டி வைக்க வேண்டும், கம்பி பிதுங்கினாலோ கருகிய தடம் தெரிந்தாலோ தூக்கிப் போட வேண்டும். அவ்வளவுதான்.

கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி ஊற்றும் ரப்பர் ஹாட் வாட்டர் பேக்கும் நல்ல தோழன். இரண்டு லிட்டருக்கு ஆறேழு சென்ட் மின்சாரம், விடியும்வரை இளஞ்சூடு. கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், சற்று ஆறவிட்டு முக்கால் பை மட்டும் நிரப்புங்கள். பையின் கழுத்தருகே பூப்போல ஒரு முத்திரை இருக்கும். நடுவில் இருப்பது தயாரித்த ஆண்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் ரப்பர் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஆளைச் சூடாக்குவது எல்லோருக்கும் சரிவராது. அம்மாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. சூடு தாங்க முடியாமல் காலை இழுத்துக்கொள்வோமே, அந்த எச்சரிக்கை அவருக்கு வராது. கொப்பளித்த பிறகுதான் தெரியும். ஆகவே அவர் வரும்போது ரப்பர் பையும் மின்விரிப்பும் அலமாரிக்குள் போய்விடும், அவர் கட்டில் ஏசி இருக்கும் கூடத்துக்கு வந்துவிடும். கைக்குழந்தைக்கும் அப்படித்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் போர்வைக்குள் இருக்கும் சூடு போதாது, மூச்சுக்குள் போகும் காற்றே சூடாக இருக்க வேண்டும். அந்த வீடுகளில் அறைக்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. என் அக்கா மகனும் மருமகளும் முப்பது வயது, ஆரோக்கியம். அவர்களுக்கு 90 டாலர் விரிப்பும் 70 டாலர் போர்வையும் போதும் என்று முடிவு செய்தோம்.

விரிசலை அடைத்த வீட்டில் ஈரம் ஒரு புதுப் பிரச்சினை. நம் சமையலில் ஆவி அதிகம்: குக்கர், இட்லிப் பானை, ரசம். போதாததற்குத் துணியையும் உள்ளேயே காயப்போடுகிறோம். குளிர்ந்த கண்ணாடியிலும் தெற்குச் சுவரிலும் அந்த ஆவி தண்ணீராகி, இரண்டே வாரத்தில் கறுப்புப் பூஞ்சை. சமைக்கும்போது விசிறியைப் போடுங்கள். நடுப்பகலில், வெளியே சூடாக இருக்கும் நேரம் பார்த்து, எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிஷம் திறந்துவிடுங்கள். சுவர்கள் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும், பத்து நிமிஷத்தில் அவை ஆறிவிடாது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வெயில் எந்தப் பக்கம்?

நம் ஊர்ப் பழக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது பிடிபட ஒரு வருஷம் ஆகும்: இங்கே சூரியன் வடக்கே நடக்கிறது. ஜூன் கடைசியில் உச்சிப் பொழுதில்கூட அடிவானத்திலிருந்து 29 டிகிரி உயரம்தான். அதனால் வடக்கு ஜன்னல் வழியே வெயில் படுத்தபடி அறையின் மறுகோடிவரை வரும். இவர்களுடைய கொல்லைப்புறச் சமையலறை வடக்குப் பார்த்தது. சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் நகர்த்தினோம். காலை பத்துக்குத் திரையை விலக்கு, மாலை நாலரைக்கு மூடு என்றேன். ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும். காசில்லாத ஹீட்டர் அதுதான்.

வீட்டுக்குள் என்னதான் செய்தாலும் ஜூன் முதல் ஆகஸ்ட்வரை அடைந்து கிடந்தால் மனசு சுருங்கிவிடும். உள்நகரத்தில் கூடுதல் வாடகை கொடுத்து இருப்பதற்குப் பலனே, கதகதப்பான பொது இடங்கள் நடக்கும் தூரத்தில் இருப்பதுதான். ஆகவே மீதிப் பணத்தை ஹீட்டருக்குப் போடுவதா, வெளியே போவதற்கா என்றும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

மாநில நூலகத்துக்கு 19ஆம் எண் டிராம், பிறகு சில நிமிஷ நடை. 1913இல் திறந்த குவிமாட வாசிப்பறை. நுழைவு இலவசம். எண்கோணமாக எழும் மாடங்களுக்குக் கீழே பச்சை விளக்கோரம் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படிக்கலாம். வீட்டு ஏசியும் அன்று முழுக்க ஓடாது. என் மகள் பத்தாம் வகுப்புக் கணக்கை அங்கேதான் போட்டாள்.

நீச்சல் என்றால் இரண்டு. பிரன்சுவிக் டாசன் தெருவில் 1914 முதல் இருக்கும் குளம் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே வெந்நீர்க் குளமும் சவுனாவும். குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்ட நாளில் அதுதான் மருந்து. ஃபிட்ஸ்ராய் குளம் திறந்தவெளி, ஆனால் சூடாக்கிய நீர். விடியற்காலையில் தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஆவி எழும். ஆழமான பக்கத்துச் சுவரில் இத்தாலிய மொழியில் 'அக்வா ப்ரோஃபோண்டா', அதாவது ஆழமான நீர் என்று எழுதியிருக்கும். 1950களில் இங்கே குடியேறிய இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக எழுதியது. எழுத்துப் பிழையோடு அப்படியே பாதுகாக்கிறார்கள். நம்மைப் போல் வந்தவர்களின் பிள்ளைகள் மூழ்கிவிடக் கூடாது என்று யாரோ தூரிகை எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகும். ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் ஃபிட்ஸ்ராய்க்குப் போவேன். குளிர் தாங்காதவர்கள் டாசன் தெருவுக்குப் போகட்டும்.

தின்பதற்கு, சிட்னி ரோட்டின் ஏ1 பேக்கரி. லெபனான் ரொட்டிக்கு மேல் ஸாத்தர் என்னும் மூலிகைப் பொடி தூவி அடுப்பிலிருந்து எடுத்துத் தருவார்கள், கடை முழுக்க அடுப்பின் சூடு. குயின் விக்டோரியா மார்க்கெட்டில் குளிர்கால இரவுச் சந்தை புதன்கிழமைகளில். அதே மார்க்கெட்டில் 1950 முதல் நிற்கும் வண்டியில் சூடான ஜாம் டோநட். சந்தையில் கூட்டமும் செலவும் அதிகம், வருஷத்துக்கு ஒருமுறை போதும். பேக்கரிக்கு வாரா வாரம் போகலாம்.

இதையெல்லாம்விட என் மனசு போவது மெரி க்ரீக் ஓடைக்கரைக்குத்தான். பிரன்சுவிக் கிழக்கில், ஒருகாலத்தில் குப்பைமேடாக இருந்த இடத்தில் 1982இல் தொடங்கிய செரெஸ் தோட்டத்தை ஒட்டி ஓடுகிறது. இந்த மண்ணின் உருண்ட்ஜெரி மக்கள் வைத்த பெயர் மெரி மெரி, பாறைகள் நிறைந்தது என்று பொருள். நமக்குப் பெரும்பொழுது ஆறு, அவர்களுக்கு ஏழு. ஏப்ரல் முதல் ஜூலைவரை வாரிங் என்னும் வாம்பட் (இங்கே வளையில் வாழும் ஒரு விலங்கு) பருவம், ஆகஸ்ட் வந்தால் குலிங் என்னும் ஆர்க்கிட் பருவம். அவர்கள் கணக்கில் ஜூலையோடு ஒரு பருவம் முடிந்துவிடுகிறது. நடந்து பார்த்தால் அதுதான் சரி என்று தெரியும். ஜூலைக் கடைசியில் கரை நெடுக வாட்டில் மரங்கள் பூக்கத் தொடங்கும். நம் கருவேல மரத்துக்குச் சொந்தம்தான், அதே மஞ்சள் உருண்டைப் பூ, ஆனால் இலையே தெரியாத அளவுக்கு. போகும் வழியில் பழைய கிரேக்க, இத்தாலிய வீட்டுத் தோட்டங்களில் எலுமிச்சை கொத்துக் கொத்தாகத் தொங்கும். எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் பெட்டி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ரசத்துக்குப் புளிப்பு அதிலிருந்துதான்.

கடைசிக் கணக்கு: அடைப்பு 124, திரைச்சீலை 12, விரிப்பு 90, போர்வை 70. மொத்தம் 296. மீதி 104 டாலரில் அவன் மனைவி மெரினோ கம்பளி உள்சட்டை ஒன்று வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை நீச்சலுக்கும் பேக்கரிக்கும் என்று ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் வாங்கவில்லை. அவளுடைய இருமல் இரண்டாவது வாரம் நின்றது.

ஆடி பிறந்துவிட்டது. ஊரில் பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரிக் கரையில் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போவோம். ஆகஸ்ட் 3 அன்று மெரி க்ரீக்கில் கூடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். புளியோதரை அவன் வீட்டிலிருந்து, எலுமிச்சை சாதம் என் பொறுப்பு. பதினொன்றரைக்குக் கிளம்பினால் கரையில் வெயில் இருக்கும்போதே சாப்பிட்டு முடிக்கலாம்.